புலி கொன்ற யானையும் சீனத்துச் சிவப்பெழுத்தும்



நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கும் வெறும் மணல். ஆனால் அந்த மணலிலேதான் எங்கள் மக்கள் வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கிறார்கள். நிலத்தடி நீரை மோட்டர் வைத்து இறைத்து, தூவல் குழாய் வழியே பயிருக்கு விடுகிறார்கள். தோட்டங்களுக்கு அப்பால், கடலோரத்தில், அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி தெரியும். சீனத்துப் பொறியியலாளர்கள் வந்து கட்டிய நிலையம் அது. 2011 இல் அதன் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. இன்று மூன்று பகுதிகளுமாக 900 மெகாவாற்று வலு கொண்டது. அக்காலத்திலிருந்து சீன எழுத்து எங்கள் ஊருக்குப் புதிதன்று. ஆனால் அதனை வாசிக்கத் தெரிந்தவர்தாம் அரிது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. என்னிடம் ஆறாம் வகுப்பிலே தமிழ் படித்த மாணவர் ஒருவர், இப்போது தோட்டக்காரர், என்னை அழைத்துச் சென்றார். புதிதாக வாங்கிய தண்ணீர் மோட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி இயங்கவில்லை. பெட்டியின் மூடியிலே சிவப்பு நிறத்தில் ஒரு சீன வரி. பக்கத்திலே மின்னல் கீற்று வரைந்த ஒரு முக்கோணம்.

"சேர், நான் போன்ல போட்டுப் பாத்துட்டேன். இது என்ன கதை சொல்லுதுன்டு விளங்கல்ல" என்றார்.

கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். அதன் மொழிபெயர்ப்புச் செயலி தந்திருந்த தமிழ் இதுதான்: "மின்சாரம் துண்டிக்கப்படவில்லை. மூடியைத் திறக்க முடியாது."

"திறக்க முடியாதாம். இந்தா, கையாலேயே திறக்குது சேர்!" என்று சிரித்தபடி அவர் மூடியிலே கை வைத்தார்.

"மகன், கையை எடுங்க!" என்று கத்தினேன். எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் ஒரு பெட்டி தன்னைப் பற்றி இப்படிச் செய்தி அறிக்கை வாசிக்காது என்பது தெரியும். சிவப்பு எழுத்தும் மின்னல் கீற்றும் எச்சரிக்கைக்கே உரியவை. பிரதான ஆளியை அணைத்த பின்னரே அவரை மூடியைத் தொட விட்டேன்.

மறுநாள், அனல்மின் நிலையத்திலே சீனர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்து அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்ட எங்கள் ஊர் இளைஞர் ஒருவரிடம் அந்த வரியைக் காட்டினேன். அவர் வாசித்தார்: "வெய் துவான் தியென், பு த காய் காய்." பொருளும் சொன்னார்: "மின்சாரத்தைத் துண்டிக்காமல் மூடியைத் திறக்கக் கூடாது."

நேயர்களே, செயலி ஒரு சொல்லைக்கூடப் பிழையாக மொழிபெயர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 'வெய்' என்றால் 'இன்னும் இல்லை'. 'துவான் தியென்' மின்சாரத்தைத் துண்டித்தல். 'பு த' என்பது 'ஆகாது'. அடுத்த 'காய்' திறத்தல். இறுதிக் 'காய்' மூடி. நமது எழுத்திலே இரண்டும் ஒன்றாய்த் தோன்றினாலும், அவர்கள் வாயிலே முதலாவது மூச்சோடு வெடித்து உயர்ந்த சுருதியில் நிற்கும். மற்றது மென்மையாய்த் தொடங்கிச் சட்டென்று கீழே விழும். சொற்கள் யாவும் சரி. கெட்டது வாக்கியம். இரு தொடர்களையும் பிணைக்கும் 'ஆமல்' என்ற கண்ணி அறுந்துபோயிற்று. அந்தக் கண்ணி சீன வரியில் எழுதப்படவே இல்லை. கேட்பவர்தாம் அதனைத் தம் மனத்தால் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கணனி சீன வாக்கியத்தின் பொருளை எவ்வாறு அறிகிறது என்ற கேள்வி அன்றுதான் என்னைப் பற்றிக்கொண்டது. வாசித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நமது மொழியிலே சொல்லின் வாலில் பொருள் இருக்கிறது. 'நாய் மனிதனைக் கடித்தது' என்றாலும் 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் கடித்தது நாய்தான். 'ஐ' என்ற உருபு கடிபட்டவனைக் காட்டிக் கொடுத்துவிடும். சீனத்திலே உருபு இல்லை. வினைக்குத் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியும் இல்லை. 'கோவ் யாவ் ரென்' என்றால் நாய் மனிதனைக் கடிக்கிறது. 'ரென் யாவ் கோவ்' என்று புரட்டினால் மனிதன் நாயைக் கடிக்கிறான்! சொல் நிற்கும் இடமே அங்கு வேற்றுமை உருபு. வரிசையில் ஒருவர் இடம் மாறினால் உறவே மாறிவிடும்.

அடுத்த சிக்கல், சீனர் எழுதும்போது சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. எழுத்துகள் ஒரே நூலிற் கோத்த மணிகளாய் நிற்கும். 'யென் ஜியூ ஷெங் மிங் ச்சி யுவான்' என்று ஆறு எழுத்துகள் வருகின்றன. முதல் இரண்டை ஒரு சொல்லாகப் பிரித்தால் 'உயிரின் தோற்றத்தை ஆராய்தல்' என்று பொருள். முதல் மூன்றைச் சேர்த்துவிட்டாலோ 'பட்டப்பின்படிப்பு மாணவர்' என்ற சொல் முளைத்து, எஞ்சியது பொருளற்றுப் போகும். எனவே கணனி முதலில் செய்ய வேண்டியது சொற்பிரிப்பு.

நமக்கு இது புதிதா? ஏட்டுச் சுவடியிலே இடைவெளி ஏது, புள்ளி ஏது? 'பலகை' என்பது மரப்பலகையா, பல கைகளா? 'அந்தமான்' என்பது தீவா, அந்த மானா? எழுத்து ஒன்றாய் இருந்து பொருள் வேறாகும் இடங்களை ஒலிக்கும் முறையாலேதான் வேறுபடுத்தி அறிய வேண்டும் என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலே விதி செய்து வைத்தார். பதிப்பாசிரியர்கள் சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு பட்ட பாட்டைத்தான் கணனி இன்று சீனத்தோடு படுகிறது.

சொல்லைப் பிரித்தாலும் தீராத மயக்கம் ஒன்று உண்டு. சீன இலக்கண நூல்களிலே எடுத்துக்காட்டாக அடிக்கடி வரும் ஒரு சிறு வாக்கியம், 'ஜி பு ச்சு லெ'. ஜி என்றால் கோழி, பு, எதிர்மறை, ச்சு, உண்ணுதல், லெ, நிலைமை மாறியதைக் காட்டும் இடைச்சொல். கோழி இனி உண்ணாது என்றும் கொள்ளலாம். யாரோ ஒருவர் 'எனக்கு இனிக் கோழி வேண்டாம்' என்கிறார் என்றும் கொள்ளலாம். நமது வீட்டிலே 'கோழி சாப்பிடல்ல' என்றால் என்ன பொருள்? கூட்டுக்குள்ளிருந்து கேட்டால் ஒன்று. கல்யாணப் பந்தியிலே கேட்டால் இன்னொன்று. பேச்சிலே 'ஐ' உருபை விழுங்கிவிடும்போது நாமும் சீனரைப் போலவே பேசுகிறோம்!

இதைவிடச் சுவையானது இன்னொன்று. 'யாவ் ஸு லெ லியே ரென் த கோவ்' என்ற தொடர். கடி, சா, முடிந்தது, வேடன், 'த' என்னும் இணைப்பு, நாய் என்பன வரிசையாக வருகின்றன. இந்த 'த' என்னும் இடைச்சொல் 'உடைய' என்ற உடைமைப் பொருளையும் தரும். நமது பெயரெச்சம் செய்யும் வேலையையும் செய்யும். ஆகவே, வேடனுடைய நாயை ஏதோவொன்று கடித்துக் கொன்றது என்பது ஒரு பொருள். வேடனைக் கடித்துக் கொன்ற நாய் என்பது மறுபொருள். ஒன்றிலே நாய் செத்தது. மற்றதிலே வேடன் செத்தான்.

இதைக் கேட்டதும் எனக்குப் 'புலி கொன்ற யானை' நினைவுக்கு வந்தது. புலியைக் கொன்ற யானையா? புலியாற் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியர் இதனைத் தடுமாறு தொழிற்பெயர் என்றார். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் தடுமாறுகின்ற இடம். பெயர் சூட்டியதோடு அவர் விட்டுவிடவில்லை, தீர்வும் கூறினார். இறுதியில் நிற்கும் பெயரோடு தொடர்ந்து வரும் சொல்லை நோக்கி, உணர்வோர் எந்த வேற்றுமை என்று தெரிந்துகொள்வர் என்பது அவர் கூறியதன் கருத்து. புலி கொன்ற யானை ஓடுகிறது என்றால், யானை உயிரோடு இருக்கிறது, கொன்றது யானை. புலி கொன்ற யானையின் தந்தம் கிடைத்தது என்றால், பெரும்பாலும் செத்தது யானை. மயக்கம் தீர்வது அடுத்து வரும் சொல்லாலும், செத்த யானை ஓடாது என்ற உலகறிவாலும்.

'உணர்வோர்' என்ற சொல்லை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். கணனியின் கதை முழுவதும் அந்தச் சொல்லைச் சுற்றியே நடக்கிறது.

1954 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து, உருசிய வாக்கியங்களைக் கணனி ஆங்கிலமாக்குவதை உலகுக்குக் காட்டின. கணனிக்குக் கொடுத்தது 250 சொற்களும் 6 இலக்கண விதிகளும் மட்டுமே. சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளர்க்கு வேலை இராது என்று பலர் எண்ணினர். 1960 இல் பார்-ஹில்லெல் என்ற அறிஞர் அந்தக் கனவைக் கலைத்தார். உலகறிவு இல்லாத பொறி எளிய வாக்கியத்திலேயே இடறிவிழும் என்று எடுத்துக்காட்டி விளக்கினார். செத்த யானை ஓடாது என்பதை எந்த அகராதியிலே எழுதி வைப்பது? 1966 இல் அமெரிக்க அரசு அமைத்த ஆய்வுக் குழு பாதகமான அறிக்கை தரவே, பண உதவி வற்றியது.

அடுத்த வழி, கணனிக்கு விதியைச் சொல்லிக் கொடுக்காமல் எடுத்துக்காட்டுகளைக் கொடுப்பது. அறிஞர்கள் அமர்ந்து ஆயிரமாயிரம் வாக்கியங்களைப் பகுத்து, எது எழுவாய், எது பயனிலை, எந்தச் சொல் எதனோடு சேரும் என்று கிளைவிட்ட மரம்போல் வரைந்து வைத்தார்கள். இதற்கு மரவங்கி என்று பெயர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே சீனத்துக்கான மரவங்கி 1998 இல் தொடங்கப்பட்டது. காலப்போக்கில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்கியங்களாக வளர்ந்தது. 'த' என்பது எப்போது உடைமை, எப்போது பெயரெச்சம் என்று கணனி இந்த மரங்களைப் பார்த்துக் கணக்கிட்டது.

மூன்றாவது வழியே இன்று உங்கள் கைத்தொலைபேசியில் இருப்பது. இதிலே ஒவ்வொரு சொல்லும் நூற்றுக்கணக்கான எண்களின் வரிசையாக மாற்றப்படுகிறது. ஒரே வகைச் சூழலில் வரும் சொற்களுக்குக் கிட்டிய எண்கள் அமையும். கருவாடும் மீனும் அருகருகே. மின்சாரமும் ஆளியும் வேறொரு மூலையில் அருகருகே. 2016 இல் கூகுள் நிறுவனம் இத்தகைய நரம்பு வலை முறையைத் தன் மொழிபெயர்ப்பில் புகுத்தியபோது, முதலில் எடுத்துக்கொண்டது சீனத்திலிருந்து ஆங்கிலம் என்ற திசையைத்தான். 2017 இல் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் மற்றெல்லாச் சொற்களையும் திரும்பிப் பார்த்து, எதற்கு எவ்வளவு கவனம் கொடுப்பது என்று தானே நிறுத்துக்கொள்ளும் அமைப்பொன்றை வெளியிட்டார்கள். இன்றைய பெரிய மொழிப் பொறிகள் யாவும் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

எங்கள் கரைவலையை நினைத்துக்கொள்ளுங்கள். இரு கயிற்றிலும் ஆட்கள் நின்று இழுக்கிறார்கள். ஒருவன் இழுவை கூடினால், எதிர்க்கயிற்றில் நிற்பவன் அதனை உணர்ந்து தன் இழுவையைத் திருத்துகிறான். அப்படித்தான் 'ஓடுகிறது' என்ற சொல் யானையை ஒரு பக்கம் இழுக்கிறது. 'தந்தம் கிடைத்தது' என்பது மறுபக்கம் இழுக்கிறது. இழுவைகள் ஓய்ந்து நிற்கும் நிலையே கணனி கண்ட பொருள். அடுத்து வரும் சொல்லை நோக்குக என்ற தொல்காப்பியர் விதியை எவரும் அதற்கு எழுதிக் கொடுக்கவில்லை. கோடிக்கணக்கான வாக்கியங்களைக் கண்டு கண்டு, அதனை ஒத்த பழக்கமொன்றை அது தேடிக்கொண்டது.

அப்படியாயின் எங்கள் தோட்டத்திலே ஏன் தவறிற்று? என் அறிவுக்கு எட்டிய காரணங்கள் இரண்டு. முதலாவது, அதற்குக் கிடைத்தது ஏழே எழுத்துகள். மோட்டர் பெட்டி, சிவப்பு நிறம், மின்னல் கீற்று ஆகியவற்றை அந்தச் செயலி பொருட்படுத்தவில்லை. சில நாட்களின் பின் அதே வரியை இன்றைய மொழிப் பொறியொன்றிலே கொடுத்து, 'இது ஒரு மின்சாரப் பெட்டியின் மூடியில் எழுதியிருந்தது' என்ற ஒரு குறிப்பையும் சேர்த்தேன். 'துண்டிக்காமல் திறக்கக் கூடாது' என்று பிழையின்றிச் சொன்னது. சூழலைக் கொடுத்ததும் அறுந்த கண்ணி பொருந்திவிட்டது.

இரண்டாவது காரணம் நம்மைச் சார்ந்தது. சீனத்தையும் தமிழையும் வரிக்கு வரி அருகருகே வைத்த நூல்கள் மிகக் குறைவு. அத்தகைய மொழிச் சோடிகளுக்குப் பொறிகள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகக் கற்பதே வழக்கம். இரண்டு தோணி மாறி வரும் சரக்கிலே சிந்துவது இயல்பு. மேலும், கணனிக்கென ஆக்கப்பட்ட தமிழ் மரவங்கிகளிலே முன்னோடியானது, பிராகு நகரத்துச் சாள்ஸ் பல்கலைக்கழகத்திலே லோகநாதன் ராமசாமி முதலியோர் அமைத்தது. அதில் உள்ளவை 600 வாக்கியங்கள். சீனத்தின் இலட்சத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆயினும் நம்பிக்கையூட்டும் முயற்சிகளும் இல்லாமலில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. சர்வேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிஹான் டயஸ், ஜேர்மனியின் மிரியம் பட் ஆகியோர் தமிழ்ச் சொல்லைப் பகுதி, விகுதியெனப் பகுக்கும் 'தமிழி' என்ற கணனிக் கருவியை ஆக்கி, 2021 இல் அதுபற்றிய ஆய்வை வெளியிட்டனர். மொறட்டுவையிலே அரச ஆவணங்களுக்கான சிங்கள, தமிழ் மொழிபெயர்ப்புப் பொறியும் உருவாக்கப்பட்டது. பவணந்தியாரின் பதவியல் இன்று கணனியின் பாடமாகியிருக்கிறது என்றால் மிகையாகாது.

இனி, 'உணர்வோர்' என்ற சொல்லுக்கு வருவோம். பொறி சரியாக மொழிபெயர்த்துவிட்டால், அது உணர்ந்துவிட்டது எனலாமா? ஜோன் சேர்ல் என்ற தத்துவ அறிஞர் 1980 இல் ஒரு கற்பனையை முன்வைத்தார். பூட்டிய அறைக்குள் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சீனம் ஓர் எழுத்தும் தெரியாது. கதவின் கீழால் சீனத்திலே எழுதிய கேள்விச் சீட்டு வருகிறது. 'இந்தக் கோடுகள் வந்தால் அந்தக் கோடுகளை எழுது' என்ற பெரிய விதிப் புத்தகத்தைப் பார்த்து அவர் பதிலெழுதி வெளியே தள்ளுகிறார். வெளியே நிற்பவர் உள்ளே ஒரு சீனர் இருப்பதாக நம்புகிறார். உள்ளே இருப்பவருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. கணனியும் இப்படித்தான் என்றார் சேர்ல். அந்த மனிதர், புத்தகம், அறை எல்லாம் சேர்ந்த முழுமைக்கு விளக்கம் உண்டு என்று மறுத்தோரும் உளர். வாதம் இன்னும் ஓயவில்லை.

எனக்குத் தத்துவத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அன்று மாலை மூடியிலே கை வைத்தவர் என் மாணவர். பொறியின் வாக்கியம் பிழைத்தால் பொறிக்கு ஒன்றுமில்லை. பிழைக்கான விலையைக் கொடுப்பது அந்தக் கை. 'கையை எடுங்க' என்று என்னைக் கத்த வைத்தது இலக்கணமன்று, பயம். பொருளை உணர்தல் என்பதில் அந்தப் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் கரைக்கு மொழிச் சிக்கல் இன்று நேற்று வந்ததன்று. 1344 இல் இபுனு பதூதா கரையிறங்கிய 'பத்தாலா' எங்கள் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. ஆரியச் சக்கரவர்த்தி பாரசீகம் அறிந்திருந்தான் என்று அவர் எழுதுகிறார். அதனால் இருவரும் உரையாட முடிந்தது. பின்னர் 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டு, சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நாட்டிய கல்வெட்டு 1911 இல் காலியிலே கண்டெடுக்கப்பட்டது. இன்று அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அதிலே சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. எழுதியவர் சொல்லுக்குச் சொல் வைக்கவில்லை. வாசிப்பவர் யாரென்று அறிந்து எழுதினார். அன்று சீனத்துப் பேரரசன் தமிழனுக்குத் தமிழிலே பேசினான். 2021 இலே கொழும்பில் ஒரு பெயர்ப்பலகையிற் சிங்களம், ஆங்கிலத்தோடு சீனம் இடம்பெறத் தமிழ் விடுபட்டுப்போனதும், கண்டனம் எழுந்தபின் அது அகற்றப்பட்டதும் நமக்கு நினைவிருக்கும்.

எனவே நேயர்களே, பொறியைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. அது நாம் எழுதி வைத்ததைக் கொண்டே கற்கிறது. நல்ல தமிழிலே மருந்துச் சீட்டும், இயந்திரக் குறிப்பும், எச்சரிக்கைப் பலகையும் எழுதப்படாதவரை அது எதைப் பார்த்துக் கற்கும்? கவிதைக்கும் கதைக்கும் உழைக்கும் நாம், ஒரு மோட்டர் பெட்டியின் வாசகத்துக்கும் கொஞ்சம் உழைக்கலாம்.

அந்தப் பெட்டியின் மூடியிலே, சீன வரிக்குக் கீழே, நான் வெள்ளை வர்ணத்தால் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'முதலில் மின்சாரத்தை நிறுத்து. பிறகு மூடியைத் திற.' இரு எதிர்மறையும் போய்விட்டன. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இது மொழிபெயர்ப்பே அன்று. என் மாணவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "இதைத்தான் சேர் அது சொல்லியிருக்கு?" என்று கேட்டார்.

"ஓம் மகன், இதையேதான்" என்றேன்.